சிறு குழுவும் கணினியும்

பலர் கூடி இயற்றும் பணி எதுவாயினும், ஆளறிந்து பகுத்தலே அதன் முதற்படியாகும். திருக்கோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தார்க்கு இது புதிய செய்தியன்று. கோணேசர் கோயிற் பணிகளை இன்னார் இன்னது செய்க என வகுத்துரைக்கும் கோணேசர் கல்வெட்டு, இம்மண்ணில் நெடுங்காலம் போற்றப்பட்டுவரும் நூலன்றோ?

கிறிஸ்தவ சபைகளிலும் இத்தகைய பகுப்பு உண்டு. 1742 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்த சங்கத்தார், கட்டடக் கடனைத் தீர்க்கும் பொருட்டுப் பன்னிருவர் கொண்ட வகுப்புகளாகப் பிரிந்தனர். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. அதைத் தண்டுவதற்கு ஒரு தலைவர். அவர் வீடு வீடாகச் சென்றபோது, எவர் நோயுற்றார், எவர் மனந்தளர்ந்தார் என்பதும் தெரியவந்தது. இதன் பயனை உணர்ந்த ஜோன் வெஸ்லி, கடன் தண்டும் ஏற்பாட்டையே மக்களைப் பேணும் ஏற்பாடாக ஆக்கினார். அச்சபையின் ஊழியர் 1814 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தனர்.

இன்று சபையிலே சிறு குழுக்களை அமைக்க முனைவோர், பெயர்ப்பட்டியலை எழுதியும் அழித்தும் பல மாலைப் பொழுதுகளைக் கழிக்கின்றனர். கணினி இவ்வுழைப்பைப் பெரிதும் குறைக்கும். வழி எளிது.

கூகுள் படிவம் ஒன்றில் பெயர், ஊர், ஓய்வான நாள், பேசும் மொழி, வீட்டிற் கூட்டம் நடத்த இசைவு ஆகிய ஐந்தை மட்டும் கேளுங்கள். ஊர்ப்பெயரைத் தட்டெழுத விடாது, பட்டியலிலிருந்து தெரிவுசெய்ய விடுங்கள். ஒருவர் 'தம்பலகாமம்' என்றும் மற்றொருவர் 'தம்பலகமம்' என்றும் எழுதினால், கணினி அவற்றை இரண்டு ஊர்களாகவே கொள்ளும்! கைத்தொலைபேசி இல்லாத முதியோரை இளைஞர் நேரிற் கண்டு விடைகளைப் பதிதல் வேண்டும்.

விடைகள் அட்டவணையாகச் சேர்ந்ததும், முதலில் ஊரையும் பின்னர் நாளையும் கொண்டு வரிசைப்படுத்துங்கள். அறுபது பேராயினும் சில நிமிடங்களில் ஐந்து குழுக்கள் உருப்பெறும். வயல் வேலை செய்வோர்க்குப் பெரும்போக அறுவடையின்போது நாள் மாறும். அதனை ஓரிடத்தில் திருத்தினாற் போதும். அட்டவணையை ஒருவரே பேணட்டும். ஒரு குழுவினரின் விவரம் அக்குழுத் தலைவருக்கு மட்டும் தெரியட்டும். தனிப்பட்ட தரவுகளைக் காப்பதற்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டுள்ளமையையும் நினைவிற் கொள்க.

எனினும், புதன்கிழமை வரக்கூடியவர் யார் என்று காட்டும் கணினிக்கு, எவ்விரு குடும்பத்தார் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்பது தெரியாது. இருட்டிலே துணையின்றி வரவியலாத மூதாட்டியையும் அது அறியாது. ஆகவே, பட்டியலை முடிவுசெய்யுமுன் ஊரறிந்த பெரியவர் இருவரிடம் அதனை வாசித்துக் காட்டுங்கள். குழுக்கள் தொடங்கியபின், அட்டவணையில் வருகைக்கென ஒரு நிரல் சேருங்கள். இருமுறை வாராதவர் பெயர் அதிலே தெரிந்ததும், குறுஞ்செய்தி அனுப்பி அமையாது அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். கணினியால் மிஞ்சிய மாலைப் பொழுதுகள் அதற்கே உரியவை. அன்று வெஸ்லியின் வகுப்புத் தலைவர் பென்னியுடன் கொண்டுவந்த செய்தியை, இன்றும் வாசலில் நின்று வினவினாலன்றிப் பெறவியலாது.