பாட்டனைத் தேடுவது பொழுதுபோக்கா?

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிற்றூர் உழவர் ஒருவரின் வாழ்வையும் குடும்பத்தையும் ஆராயப்போவதாக ஒரு மாணவி தலைப்பை முன்வைத்தால், நம் துறைகளில் இரண்டு மறுமொழிகள் ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று, ‘எளியவர்களுக்குச் சான்றில்லை’. மற்றொன்று, ‘முன்னோரைத் தேடுவது பொழுதுபோக்கு, ஆய்வன்று’. இரண்டுமே தவறு.

கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். வட இந்தியாவிலிருந்து பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு மிகுதியான ஒப்பந்தக் கூலிகளை அனுப்பிய மாவட்டம் அது. கல்கத்தாவில் கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்றச் சீட்டு எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், காவல் நிலைய எல்லை, ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு வரை அதில் உண்டு. அத்தகைய 45,439 பேரின் சீட்டுகளை ஆராய்ந்து பிரிஜ் லால் 1983இல் ‘கிர்மிட்டியாஸ்’ என்ற நூலை வெளியிட்டார். அவரே ஓர் ஒப்பந்தக் கூலியின் பேரன்தான். 1903இல் தனியாகக் கயானாவுக்குக் கப்பலேறிய தம் கொள்ளுப்பாட்டியைத் தேடி கயூத்ரா பகதூர் எழுதிய ‘கூலி உமன்’ நூலும் நம் நூலகங்களில் இருக்கிறது. இவற்றையும் பொழுதுபோக்கு என்பார்களா?

ஒரே வீட்டு அண்ணன் தம்பியரை எண்ணிப் பாருங்கள். கடல் கடந்த தம்பியின் உயரம் அடி, அங்குலக் கணக்கில் கிடைக்கிறது. ஊரில் தங்கிய அண்ணன்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்கள் அழிக்கப்பட்டன. தொகுப்பு அட்டவணைகளே எஞ்சின. அவர் குத்தகைக்கு உழுதவராயின் பட்வாரியின் ஏடுகளில் அகப்படக்கூடும். நிலமற்ற கூலியாயின் அதுவும் அரிது. பஞ்சாபின் நிலவரித் திட்ட ஆவணங்களிலுள்ள ‘ஷஜ்ரா நஸப்’ கொடிவழிப் பட்டியலோ நிலவுடைமையாளரின் ஆண்வழியைத் தலைமுறை தலைமுறையாக வரைகிறது. மகள்கள் அதில் பொதுவாக இடம்பெறுவதில்லை. வரி கட்டியவரையும் ஏற்றுமதி செய்யப்பட்டவரையும் எழுதிவைத்த அரசு, இடையில் நின்றவரைப் பொருட்படுத்தவில்லை. யார், எதற்காக எழுதப்பட்டார் என்பதல்லவா வரலாற்று மாணவருக்குரிய முதல் வினா? ‘சான்றில்லை’ என்ற ஒற்றைச் சொல் அவ்வினா எழுமுன்னரே அதை அடக்கிவிடுகிறது.

சீட்டு வேதவாக்கன்று. போஜ்புரிப் பெயர்களை எழுத்தர்கள் தம் காதுக்கு எட்டியபடி எழுதினார்கள். சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. ஹரித்துவார்ப் பண்டாக்களின் வம்சாவளி ஏடுகளும், அஸ்தி கரைக்க வந்த குடும்பத்தார் சொன்னதைப் பதிந்தவையே. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு ஐயுறும் பயிற்சி நம்மிடம்தான் இருக்கிறது. சாதிச் சங்க மலர்களில் அரச வம்சக் கொடிவழி அச்சிடுவோருக்கு எந்த ஐயமும் வருவதில்லை. நாம் விலகி நின்றால் அந்த மாணவியின் பாட்டனார் அவர்கள் கைக்குத்தான் போய்ச் சேருவார். பிறகு அவரையும் ஓர் அரசனாக்கிவிடுவார்கள்!

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் அக்காலத்து நில ஆவணங்களில் பெரும்பகுதி உருதுவிலும் கைதி எழுத்திலும் இருக்கிறது. ‘சான்றில்லை’ என்று தலைப்பைத் திருப்பி அனுப்பும் குழுக்களில் இவ்வெழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? முதுகலைப் பாடத்திட்டத்தில் கைதிக்கு ஒரு பருவம் ஒதுக்குங்கள். மாவட்டப் பதிவறைகளின் கட்டுகளை அவிழ்த்துப் படிக்க மாணவர்களை அனுப்புங்கள். சான்று உண்டா இல்லையா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.