துரைசாணியின் இரகசியமும் லயத்தின் செவிகளும்

காதலும் மர்மமும் கலந்த நாவலொன்றைப் பற்றி வாசகர் இருவர் ஒருமித்த கருத்துக் கூறுதல் அரிது. டைனா ஜெஃப்ரீஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியை 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த டீ பிளான்டர்ஸ் வைஃப்' என்ற நாவலும் இதற்கு விலக்கன்று. பிரித்தானியாவில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எட்டிய இந்நாவலின் கதை நிகழ்வது நமது மலைநாட்டில். ஆசிரியைக்கு உந்துதலாயமைந்ததோ ஹட்டன் - டிக்கோயாப் பகுதியில், காசல்ரீ ஏரிக்கரையில், அவர் தங்கிய ஒரு பழைய துரைமார் பங்களா. எனவே இதுபற்றி எழுந்த பல்வேறு அபிப்பிராயங்களை இங்கிலாந்து வாசகரின் உள்வீட்டுச் சச்சரவு எனக் கருதி ஒதுக்கிவிட இயலாது. அவர்கள் சண்டையிடுவது நமது மண்ணில் நின்றுகொண்டு.

கதை வருமாறு: 1925இல் பத்தொன்பது வயதான க்வென் என்னும் ஆங்கிலப் பெண் தோட்டத்துரையாகிய தன் கணவன் லாரன்சிடம் வந்து சேர்கிறாள். பங்களாவில் பேசப்படாத செய்திகள் பல; முதல் மனைவியின் நிழல்; புதர்களிடையே மறைந்துகிடக்கும் ஒரு குழந்தையின் கல்லறை. க்வென் இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். ஆண்குழந்தை வெள்ளை, பெண்குழந்தை கறுப்பு. கணவன் அறியாவண்ணம் பெண்குழந்தை ஆயாவின் உதவியுடன் கிராமமொன்றுக்கு அனுப்பப்படுகிறது. தான் அறியாமலே களங்கமுற்றுவிட்டதாக அஞ்சி, சிங்கள ஓவியன் ஒருவன்மீது ஐயங்கொண்டு, ஆண்டுக்கணக்காக அவள் உழல்கிறாள். ஈற்றில் வெளிப்படுவதோ கணவனின் முன்னோர் வழியிலேயே இந்நாட்டு இரத்தம் கலந்திருந்தது என்பது.

இதனைக் கொண்டாடுவோர் பனிமூட்டத்தையும் தேயிலை மணத்தையும் புகழ்வர்; கையிலெடுத்த நூலைக் கீழே வைக்க இயலவில்லை என்பர். குறைகாண்போர், க்வென் பேதை என்றும், கணவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பின் கதையே இல்லை என்றும், முடிவை நடுவிலேயே ஊகித்துவிட்டோம் என்றும் சலித்துக்கொள்வர். குடியேற்றக் காலத்தைப் பொன்முலாம் பூசிக் காட்டிவிட்டார் எனக் கடிந்துகொள்வோரும் உளர். இம்மூன்றாவது குரலே நியாயத்துக்கு அண்மையிலுள்ளது. ஆயினும் அதுவும் பாதிவழியிலேயே நின்றுவிடுகிறது. தொழிலாளரின் துன்பத்தை இன்னும் சில பக்கங்களிற் காட்டியிருக்கலாம் என்பதே அதன் கோரிக்கை. அளவைக் கூட்டினால் தீர்ந்துபோகும் குறையன்று இது.

முதலில் கதையின் அச்சாணியையே நோக்குக. மர்மக்கதை என்பது யார் அறிந்திருக்கிறார், யார் அறியவில்லை என்ற கணக்கில் நடப்பது. இந்நாவலின் கணக்குப்படி ஒரு கைக்குழந்தை பங்களாவிலிருந்து அகற்றப்பட்டு, அயற்கிராமத்தில் ஆண்டுக்கணக்காக வளர்வதைப் பெரிய துரை அறியார். அது ஒருவாறு பொருந்தும். துரைமார் அறியாதவை பல. ஆனால் அப்பு அறியமாட்டானா? குசினிக்காரன், தோட்டக்காரன், அழுக்கெடுக்கும் வண்ணான், பால் கொண்டுவருபவன், குழந்தையின் துணியைத் துவைத்தவள் ஆகிய எவரும் அறியமாட்டார்களா? தோட்டத்தின் வழக்கம் ஓரளவேனும் தெரிந்தவர்க்கு இது நகைப்பைத் தரும். பங்களாவில் இரவில் நடந்தது விடியற்காலைப் பெரட்டுக்கு முன்னர் லயத்துக்கு வந்துவிடும். துரையின் முகம் சிவந்திருந்தால் அன்று எந்த மலையில் எவனுக்குப் பேர் விழாது என்று கணிக்கவேண்டிய நிலையில் இருந்தவர்கள், பங்களாவின் ஒவ்வொரு அசைவையும் தம் வயிற்றின் பொருட்டுப் படித்துக்கொண்டேயிருந்தார்கள்.

ஆகவே இம்மர்மம் நிலைக்கவேண்டுமாயின் லயத்தில் வாழும் நூற்றுக்கணக்கானோர் செவிடர்களாகவும் ஊமைகளாகவும் இருத்தல்வேண்டும். நாவல் அவ்வாறே அவர்களை ஆக்கியிருக்கிறது. முடிவு ஊகிக்கத்தக்கதா, நாயகி அறிவுடையவளா என்று நுணுகி ஆராய்ந்த வாசகர், இந்த மாபெரும் நம்பத்தகாமையை ஒரு குறையாகவே கருதவில்லை. தேயிலைச் செடி எவ்வாறு சாட்சி சொல்லாதோ, அவ்வாறே கொழுந்து கொய்பவளும் சாட்சி சொல்லாள் என்பது ஆசிரியைக்கும், அவரைப் புகழ்ந்தவருக்கும், இகழ்ந்தவருக்கும் பொதுவான எடுகோள்.

ஏரியைப் பற்றிய சிறு குறிப்பொன்றும் இங்குப் பொருந்தும். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் அமைந்தது 1965இல். 1925இல் அங்கு நீந்தி விளையாட ஏரி இருக்கவில்லை. கற்பனைக்கு இவ்வளவு சலுகை கொடுப்பதில் தவறில்லை. கதைக்கு ஏரி வேண்டுமாயின் ஏரி வரட்டும். ஆனால் இல்லாத ஏரியை உண்டாக்க முடிந்த கற்பனைக்கு, இருந்த மனிதரை உண்டாக்க முடியாமற் போனதேன்?

இருந்த மனிதர் யாவர்? கடன் பத்திரத்தோடு தொழிலாளியைத் தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டுமுறை 1921இல் தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டிருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் வழி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. பின்னர் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் அந்தச் சதங்களும் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. தொழிலாளர் பலர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். நாவலிலும் 1929ஆம் ஆண்டின் நியூயோர்க் வீழ்ச்சி வருகிறது. ஆனால் அங்கு வாசகன் நெஞ்சம் பதைக்கவேண்டியது லாரன்சின் முதலீட்டுக்காக.

கொடுமையை இந்நாவல் மறைக்கவில்லை என்று அதன் சார்பாளர் கூறுவர். உண்மை, மறைக்கவில்லை, இடமாற்றம் செய்கிறது. கடுமை முழுவதும் மேலாளராகிய மக்கிரகரின் கணக்கில் எழுதப்படுகிறது. காயமுற்ற தொழிலாளிக்கு உதவ முற்படும் துரைசாணியோடு முரண்படுபவரும் அவரே. இதனால் துரையின் கை சுத்தமாகிறது. காதலுக்கு உரியவனாக அவன் எஞ்சுகிறான். அக்காலத் தோட்டங்களிற் பெரும்பாலானவை இலண்டனிற் பதிவான கம்பெனிகளுக்கும் கொழும்பு முகவர் நிலையங்களுக்கும் உட்பட்டிருந்தன. பெரிய துரை என்பவர் சம்பளம் பெறும் உத்தியோகத்தர். கம்பெனியைக் காதலிக்க இயலாது. ஆதலின் நாவலுக்கு அழகிய முகமுடைய தனி உடைமையாளன் ஒருவன் தேவைப்பட்டான்.

இது புதிய தந்திரமுமன்று. ரொபர்ட் ஸ்டாண்டிஷ் 1948இல் எழுதிய 'எலிஃபன்ட் வோக்' நாவலையும், 1954இல் எலிசபெத் டெய்லர் நடித்து வெளிவந்த அதன் திரைப்படத்தையும் அறிந்தோர் இந்த அச்சினை உடனே இனங்காண்பர்: இங்கிலாந்திலிருந்து வந்த இளமனைவி, தேயிலைத் தோட்டத்துப் பங்களா, இறந்தவர் ஒருவரின் நீங்காத ஆட்சி. அப்படத்தில் கொள்ளைநோய் பரவுவதும் யானைகள் பங்களாவைத் தகர்ப்பதும் தம்பதியரின் இல்வாழ்க்கையைச் சீர்செய்வதற்கே பயன்படுகின்றன. இவற்றின் மூதாதையாகிய 'ஜேன் அயர்' 1847இல் வெளிவந்தது. அதிலேனும் மாடியறையிற் பூட்டிவைக்கப்பட்டவள் மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்தவள் என்ற உண்மை கதையின் நடுவிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஹட்டன் மலைக்கு வந்தபோது அந்த உறுத்தலும் தேய்ந்துபோயிற்று.

இவ்விடத்திற் பல்கலைக்கழகத் தமிழ் வாசகர் தலையசைத்து மகிழக்கூடும். மர்மக் காதல் நாவல் என்றாலே இப்படித்தான், அது நச்சிலக்கியம் என்று முடித்துவிடுதல் அவர்க்கு எளிது. அந்த மகிழ்ச்சிக்கு இடமில்லை. வடிவத்தின்மேற் பழிபோடுவது ஆராய்ச்சிச் சோம்பல். மலையக நாவலின் தொடக்கத்தைத் தேடிச் சென்றோர் கண்டெடுத்த பெயர் எது? 1924இல் கோ. நடேசையர் வெளியிட்ட 'மூலையிற் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்'. ஓர்க்ஸி சீமாட்டியின் துப்பறியும் கதைகளைத் தலைப்பிலேயே நினைவூட்டும் நூல் அது. எழுதியவரோ பொழுதுபோக்கு எழுத்தாளரல்லர். அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை 1931இல் தொடங்கி, ஹட்டனைக் களமாகக் கொண்டு துரைமாரை எதிர்த்து நின்றவர்; 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றவர். அவருடைய இந்நூலை நமது ஆய்வாளர் ஆண்டுப் பட்டியலில் ஒரு வரியாகக் குறித்துவிட்டு, சற்றுக் கூச்சத்தோடு நகர்ந்துவிடுகின்றனர். தொழிற்சங்கத் தலைவர் ஏன் துப்பறியும் கதை எழுதினார் என்ற கேள்வியைக் கேட்டால் மலையக இலக்கிய வரலாற்றின் முதல் அத்தியாயத்தையே திருத்தி எழுத நேரும்.

வெளியார் தோட்டத்தினுள் நுழைதல் அத்துமீறலாகக் கொள்ளப்பட்ட காலத்தில், புடவை வியாபாரியாக வேடம்பூண்டு லயங்களுக்குள் சென்று நிலைமையை அறிந்தவர் நடேசையர் என்பது பலரும் அறிந்த செய்தி. ஒற்றும் வேடமும் மறைவும் தோட்ட வாழ்க்கைக்கு வெளியிலிருந்து வந்த அலங்காரங்களல்ல. அவை அதன் அன்றாடம். செக்றோலில் யார் பெயரை யார் அழித்தார், கங்காணியின் கணக்கில் எந்தக் கடன் எப்படி வளர்ந்தது, கூட்டம் நடந்ததைப் பங்களாவுக்குச் சொன்னவன் எவன் என்பன லயத்தின் மர்மங்கள். பூட்டிய அலமாரிகளைத் திறந்து பார்த்துத் திரிய க்வென்னுக்கு ஓய்விருந்தது. லயத்துப் பெண்ணோ தன் உயிர்ப்பிழைப்புக்காகத் துப்பறிய வேண்டியவள்.

1964இல் நூலுருப்பெற்ற கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' முதலாகத் தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை', ஞானசேகரனின் 'குருதிமலை' வரையிலான மலையக நாவல்கள் லயத்தைப் பேசவைத்தன. அவற்றின் பெறுமதியை எவரும் குறைக்க இயலாது. ஆனால் அவற்றை அளந்த விமர்சனம், துன்பச் சித்திரிப்பு என்ற ஒரே மரைக்காலையே கையில் வைத்திருந்தது. அடுத்து என்ன நேருமோ என்று வாசகனைத் துடிக்கவைப்பதை இழிவாக எண்ணியது. அதன் பயனாக, தோட்டத்துப் பிள்ளைகள் கடைத்தெருவில் வாங்கி வாசித்த மாத நாவல்களில் கோயம்புத்தூரும் சென்னையும் வந்தன; டிக்கோயாவும் பொகவந்தலாவையும் மர்மக்கதையின் களமாகும் பொறுப்பு ஆங்கில நாவலாசிரியை ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் தம் மொழியினர் விரும்பியதை எழுதினார். இவ்விடம் காலியாகக் கிடந்ததற்கு அவர் பொறுப்பாளியல்லர்.

இந்நாவலைத் தமிழாக்க முனைவார் எவராயினும், தலைப்பைத் 'தேயிலைத் தோட்ட முதலாளியின் மனைவி' என்று நீட்டவேண்டியதில்லை. 'துரைசாணி' என்ற ஒரு சொல் போதும். பனியில் நடுங்கியபடி பங்களாப் படிக்கட்டுக்குக் கீழே நின்று அவளை அப்பெயரால் அழைத்தவர்கள் யார், அவளைப் பற்றித் தம்முள் அவர்கள் என்ன பேசிக்கொண்டனர் என்ற வினா அட்டையிலேயே எழுந்துவிடும். மொழிபெயர்ப்பாளருக்கு அங்கேயே சங்கடம் தொடங்கும், ஏனெனில் நூலின் உள்ளே அதற்கு விடையில்லை.