போடிமெட்டு ஏற எத்தனை நிமிஷம்? ஒரு போலோ பஞ்சாயத்து (இழை)

தேனி, கம்பம் பக்கம் கார் பிரியர்கள் கூடுற இடத்துல தீராத பஞ்சாயத்து ஒண்ணு இருக்கு மக்களே. போலோ ஜிடி டிஎஸ்ஐ பெரிசா, ஜிடி டிடிஐ பெரிசா? ரெண்டும் ஒரே கார், ஒரே பாடி. இஞ்சின்தான் வேற. பங்காளிச் சண்டை மாதிரி வருஷக்கணக்கா ஓடுது.

தெரியாதவங்களுக்கு: 2013ல வந்த டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல். 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க், 7 கியர் ஆட்டோமேட்டிக். டிடிஐ டீசல், மேனுவல் கியர், டார்க் 250. பெட்ரோல்காரர் "வழுக்கிட்டுப் போகும்ண்ணே, உங்களது டிராக்டர்"ம்பார். டீசல்காரர் "ஏத்தத்துல வாங்க, பேசிக்குவோம்"ம்பார்.

நான் டீசல் கட்சி. ஆளும் லக்கேஜுமா கொண்டை ஊசி வளைவை விட்டு வெளிய வரும்போது கீழ் ஆர்பிஎம்லயே வர்ற அந்த இழுப்பு, அடடா! (120 குதிரைத்திறன் ஐ20 என் லைன், ஆல்ட்ரோஸ் ரேசர் வச்சிருக்கிற தம்பிகள் எங்க ரெண்டு கட்சிக்கும் பொது எதிரி.)

இதுவரைக்கும் ஜாலி. எனக்கு ஒத்துக்காதது, முந்தல்ல ஸ்டாப்வாட்ச் அமுக்கி போடிமெட்டு வரைக்கும் டைமிங் எடுத்து ஸ்டேட்டஸ் போடுறது.

அந்த ரோட்ல 17 கொண்டை ஊசி. டைமிங் குறையணும்னா, எதிர்ல வர்றவன் பாதையையும் சேர்த்து வெட்டித் திருப்பணும். அந்தப் பாதையில யார் வர்றாங்க? ஏலக்காய்த் தோட்டத்து வேலை முடிஞ்சு ஜீப்ல நெருக்கி உட்கார்ந்து இறங்குற நம்மூர் பெண்கள். அவங்க உங்க போட்டிக்குப் பேர் குடுக்கல.

"ராத்திரியில ரோடு காலி சார்"னு ஒருத்தர் சொல்வார். ராத்திரியிலதான் காய்கறி லோடு கேரளாவுக்கு ஏறுது. மேல பனிமூட்டம் வேற.

மருத்துவரா ரெண்டு விஷயம். வேகம் 40ல இருந்து 60 ஆனா, மோதல்ல உடம்பு வாங்குற ஆற்றல் ஒன்றரை மடங்கு இல்ல, 2.25 மடங்கு. அடுத்து, மண்ணீரல் கிழிஞ்சவர் சில நேரம் வெளிய ஒரு கீறல்கூட இல்லாம நல்லாப் பேசிட்டு இருப்பார். உள்ள ரத்தம் கசிஞ்சிட்டு இருக்கும். மோட்டார் வாகனச் சட்டமே முதல் ஒரு மணி நேரத்தை பொன்னான நேரம்னு சொல்லுது. 108 வண்டியும் அதே வளைவுகள்ல ஏறி, இறங்கி, போடி, தேனி தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு வரணும். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்தான். ஆனா மலைப்பாதையில போன நேரம் போனதுதான்.

பொது ரோட்ல ரேஸ், டைமிங் ரெண்டும் 189ஆம் பிரிவுல குற்றம். முதல் தடவையே 3 மாசம் வரை சிறை, இல்ல 5000 ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டும்.

வேகம்தான் வேணும்னா கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்துல காரி ஸ்பீட்வே இருக்கு, சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை இருக்கு. அங்க எதிர்ல ஜீப் வராது.

நம்ம மலையில போட்டி போட வேற விஷயம் இருக்கு. இறங்கும்போது யார் பிரேக் சூடாகாம வர்றாங்கன்னு பாருங்க. டிஎஸ்ஐகாரங்க 'டி'ல விட்டுட்டு பிரேக்கையே மிதிக்காம, மேனுவல் மோடுல கீழ் கியர் போடுங்க. இஞ்சினே புடிச்சுக்கும். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க, அதுவும் சட்டம்தான்.

டிடிஐ 2020ல நின்னு போச்சு, போலோவே 2022ல இந்தியாவுல முடிஞ்சது. இருக்கிற வண்டியைப் பத்திரமா வச்சுக்கணும்.

சரி, டிஎஸ்ஐதான் பெரிசுங்கிறவங்க கீழ வாங்க. தேனியில இருந்து குமுளி போய்த் திரும்பின டேங்க் டு டேங்க் மைலேஜ் கணக்கோட வாங்க.