பறித்தவனுக்கே சட்டமும் எழுதிக் கொடுத்தீர்கள்

1951இல் கணக்கெடுக்க வந்தபோது அட்டப்பாடி மலையில் பத்துப் பேரில் ஒன்பது பேர் நாங்கள்: இருளர், முடுகர், குறும்பர். 2011 கணக்கெடுப்பில் நாங்கள் பாதிகூட இல்லை. நாங்கள் ஊரைவிட்டு எங்கும் ஓடிவிடவில்லை. பவானியும் சிறுவாணியும் பாயும் இதே அகளி, புதூர், சோலையூரில்தான் கிடக்கிறோம். வெளியிலிருந்து வந்தவர்கள் பெருகினார்கள், எங்கள் காலடியில் இருந்த நிலம் போய்விட்டது.

எப்படிப் போனது? கடனுக்கும் குத்தகைக்கும் என்று எழுதப்படிக்கத் தெரியாத எங்கள் பாட்டன்மாரிடம் கைநாட்டு வாங்கினார்கள். குத்தகைக்கு வந்தவன் சொந்தக்காரன் ஆனான். சொந்தக்காரன் கூலிக்கு நின்றான்.

1975இல் கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டம் செய்தது. 1960க்குப் பிறகு பழங்குடியினரிடமிருந்து கைமாறிய நிலம் செல்லாது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது. எங்கள் மூப்பன்மார் நம்பினார்கள். அந்தச் சட்டத்துக்கு விதி எழுதி முடிக்கவே 1986 ஆயிற்று. அதை நிறைவேற்றச் சொல்லி 1988இல் நல்லதம்பி தேரா என்பவர் உயர்நீதிமன்றம் போனார். ஆறு மாதத்தில் நிலத்தை மீட்டுக் கொடு என்று 1993இல் தீர்ப்பு வந்தது. அரசு தவணை கேட்டது, மறுபடியும் தவணை கேட்டது, கடைசியில் 1996இல் சட்டத்தையே திருத்தப் பார்த்தது. சபையில் எங்களுக்காக எதிர்த்து நின்றவர் கே. ஆர். கௌரியம்மா ஒருவர்தான். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. உடனே 1999இல் புதிய சட்டம் வந்தது. பறித்தவன் இரண்டு ஹெக்டேர் வரை வைத்துக்கொள்ளலாமாம். பறிகொடுத்தவனுக்கு மாற்று நிலம் தருவார்களாம். 2009இல் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது.

மாற்று நிலமா? எங்கள் முன்னோரைப் புதைத்த மண்ணுக்கு எந்த மண் மாற்று? மல்லீசுவரன் முடியைப் பார்த்துக் கும்பிட்டு விதைத்த காட்டுக்கு எந்தக் காடு மாற்று?

நிலமற்றவர்களுக்கு இவர்கள் கொடுக்கும் நிலத்தின் லட்சணத்தை இடுக்கியில் பாருங்கள். சின்னக்கானலில் ஆதிவாசிக் குடும்பங்களை யானை நடக்கும் வழியில் குடியேற்றினார்கள். 301 காலனி என்று குடும்பங்களின் எண்ணிக்கையே ஊருக்குப் பெயராயிற்று. யானைக்குப் பயந்து பல குடும்பங்கள் வீட்டைப் போட்டுவிட்டுப் போயின. 2023இல் அரிக்கொம்பன் என்ற யானையை மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றினார்கள். பிறந்த காட்டை யானையும் இழந்தது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும் எதையும் இழக்கவில்லை.

நிலம் போனால் சோறு போகும். ராகியும் சாமையும் தினையும் துவரையும் விளைத்துத் தின்ற ஜனம் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றது. 2013இல் எங்கள் பிஞ்சுகள் அடுத்தடுத்துச் செத்தபோது ஊட்டச்சத்துக் குறைவு, தாய்க்கு ரத்தசோகை என்றார்கள். சமுதாயச் சமையலறை திறந்தார்கள். வயலைப் பிடுங்கிக்கொண்டு கஞ்சி ஊற்றுவதற்கு உங்கள் பாஷையில் வளர்ச்சி என்று பெயரா?

2018 பிப்ரவரி 22. அரிசி திருடினான் என்று சொல்லி எங்கள் பிள்ளை ஒருவனைக் காட்டுக்குள் பிடித்து, கையைக் கட்டி, அட்டப்பாடியின் முக்காலிச் சந்திக்கு இழுத்துவந்து அடித்தார்கள். அவனை நிறுத்தி வைத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். போலீஸ் வண்டியில் போகும் வழியிலேயே உயிர் போயிற்று. 2023இல் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். அரிசிக்கு ஓர் உயிரைக் கணக்குத் தீர்த்தவர்களே, ஒரு மலையையே எடுத்துக்கொண்டவர்களை எந்தச் சந்தியில் நிறுத்தினீர்கள்?

எங்கள் பாடகி நஞ்சியம்மாவின் சினிமாப் பாட்டுக்கு 2022இல் தேசிய விருது அறிவித்தீர்கள். சந்தோஷம். எங்கள் பாட்டு வேண்டும், ஆட்டம் வேண்டும், தேன் வேண்டும். சிறுவாணித் தண்ணீர் கோயம்புத்தூரில் இனிக்கிறது. நாங்கள் மட்டும் எங்கள் மண்ணில் வேண்டாதவர்களா?

இரக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இலவச அரிசியோடு எங்கள் வாயை அடைக்காதீர்கள். 1975இல் நீங்களே சொன்ன சொல்லை நிறைவேற்றுங்கள். மோசடிப் பத்திரங்களை ஊர்க்கூட்டத்தின் முன்னால் விரித்து வையுங்கள், யார் நிலம் எதுவென்று எங்கள் கிழவிகள் ஓடையையும் பாறையையும் காட்டிச் சொல்வார்கள். 2006இன் வன உரிமைச் சட்டப்படி காட்டின் உரிமையை ஊர் ஊராக எழுதிக் கொடுங்கள். நாங்கள் கேட்பது தானம் இல்லை. களவு போன எங்கள் சொத்து.