கட்டுச்சோறும் கேளிக்கைப் பூங்காவும்

கனடாவிலே குடியேறி வாழும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எனக்கொரு கடிதம் வரைந்திருந்தார். பாடசாலை விடுமுறைக்கு மனைவி மக்களோடு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குச் செல்ல எண்ணியுள்ளாராம். அங்கே ஒர்லாண்டோ நகரை அடுத்து, வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்றும் யுனிவர்சல் என்றும் இரு பெருங் கேளிக்கைப் பூங்காக்கள், தங்கும் விடுதிகளும் உணவுச்சாலைகளும் சூழ, ஒன்றோடொன்று போட்டியிட்டு நிற்கின்றன. இரண்டின் உணவு விவரங்களையும் எழுதிவிட்டு, "சேர், உயர்தர வகுப்பில் எங்களுக்கு ஆற்றுப்படை படிப்பித்தீர்களே, இப்போது எனக்கும் ஓர் ஆற்றுப்படை சொல்லுங்கள். எங்கே சாப்பிட்டால் கொடுத்த காசுக்குத் தகும்?" என்று கேட்டிருந்தார்.

கல்முனையில் இலக்கணம் கற்பித்துக் காலங்கழிக்கும் பண்டிதன் ஒருவனுக்கு ஒர்லாண்டோவின் அடுக்களையில் என்ன அலுவல் என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆனால் என் மாணவர் பொருத்தம் அறிந்தே கேட்டிருக்கிறார். வழிச்செல்வோனுக்கு எங்கெங்கே என்னென்ன உணவு கிடைக்கும் என்று முறையாகச் சொல்லிய நூல்கள் நம்மிடம் உண்டு. பத்துப்பாட்டிலே சரிபாதி ஆற்றுப்படைகளே. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினத்திலே சுட்ட மீன் கிடைக்கும். வேலூரிலே எயினர் புளியிட்ட சோறும் சுட்ட இறைச்சியும் தருவர். ஆமூரிலே உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கறியும் கிடைக்கும். ஊர்தோறும் உணவு வேறுபடுகின்றது. எவ்வூரிலும் விலை சொல்லப்படவில்லை. பாணன் கையில் யாழன்றிப் பணமில்லை என்பதைப் புலவர் அறிவார்.

ஒர்லாண்டோவில் நிலைமை அவ்வாறன்று. டிஸ்னி நிறுவனம் தன் விடுதிகளில் தங்குவோருக்கு முன்பணம் பெற்று உணவளிக்கும் திட்டமொன்றை வைத்திருக்கின்றது. தொற்றுநோய்க் காலத்தில் நிறுத்தப்பட்ட அத்திட்டம் 2024 ஜனவரியில் மீண்டும் தொடங்கியபோது, அதில் இரு வகைகள் இருந்தன. முதல் வகையில், பரிமாறுவோர் வந்து பரிமாறும் வேளையுணவு ஒன்றும், கவுண்டரில் தாமே சென்று பெறும் வேளையுணவு ஒன்றும், சிற்றுண்டி ஒன்றும் ஓரிரவுத் தங்கலுக்கு உண்டு. வளர்ந்தவர்க்கு 94 டொலர் 28 சதம். மூன்று முதல் ஒன்பது வயதுவரையுள்ள பிள்ளைக்கு 29 டொலர் 69 சதம். இரண்டாம் வகையில் இரு வேளையும் கவுண்டர் உணவே. வளர்ந்தவர்க்கு 57 டொலர் 1 சதம், பிள்ளைக்கு 23 டொலர் 83 சதம். பத்து வயது நிரம்பிய சிறுவன் அங்கே முழு மனிதனாகக் கணிக்கப்படுகின்றான்.

தாய், தந்தை, ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவர் எனக் கொண்டு ஐந்து இரவுக்குக் கணக்கிட்டால், அந்த ஆண்டின் விலைப்படி முதல் வகைக்கு 1,239 டொலர் 70 சதமும், இரண்டாம் வகைக்கு 808 டொலர் 40 சதமும் ஆகின்றன. தங்கல் முடிந்து புறப்படும் நாள் நள்ளிரவோடு உண்ணாமல் விட்ட வேளைகள் காலாவதியாகிவிடும். பசித்தவன் சோற்றுக்குக் காசு கொடுத்தல் உலக இயல்பு. இங்கோ பசி வருமுன்னரே காசு கொடுக்கப்படுகின்றது; பின்னர், கொடுத்த காசு வீணாகாதிருக்கப் பசியை வரவழைத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

யுனிவர்சலின் அமைப்பு வேறு. பூங்காவின் கட்டண வாயிலுக்கு வெளியே, நுழைவுச்சீட்டு வேண்டாத 'சிற்றிவோக்' எனும் உணவுக்கடைத் தெரு உண்டு. உள்ளே உண்ண விரும்பாதவர் வெளியே வந்து கடைகளை ஒப்பிட்டுப் பார்த்து உண்ணலாம். இந்த அளவில் யுனிவர்சலே மேல் என்று தோன்றும்.

ஆயினும், எத்தனை உணவுச்சாலைகள், எத்தனை வகைக் கறிகள் என்று எண்ணுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று உண்டென்பது என் கருத்து. வாயிலிலே நிற்பவர் நம் கைப்பையைத் திறந்து பார்த்து, நாம் கட்டிக் கொண்டுவந்த சோற்றை என்ன செய்கின்றார் என்பதே அது. டிஸ்னியின் ஒர்லாண்டோப் பூங்காக்களில் தாம் உண்பதற்குரிய உணவைக் கொண்டுசெல்லத் தடையில்லை. மதுவும் கண்ணாடிப் பாத்திரங்களும் கூடா என்பன போன்ற சில விதிகளே உண்டு. கவுண்டர் உணவுச்சாலைகளிற் குளிர்ந்த தண்ணீரும் இலவசமாகத் தருகின்றனர். யுனிவர்சலோ, தண்ணீர்ப் போத்தல், சிறு தின்பண்டம், குழந்தையுணவு, உடல்நலங் கருதி வேண்டப்படும் உணவு ஆகியவற்றை விடுத்து, ஏனையவற்றை வாயிலிலேயே மறிக்கின்றது. விலைப்பட்டியல் எதிலும் இடம்பெறாத இந்த வேறுபாடே ஏழைக் குடும்பத்துக்கு எல்லாவற்றிலும் பெரியது.

இதனை யான் ஏட்டிலே கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் மாணவர்களை மேல் மாகாணத்துக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். இரவெல்லாம் பயணம். விடியற்காலையில் ஓரிடத்தில் பேருந்தை நிறுத்தி, உடன் கொண்டுசென்ற பானை சட்டிகளில் சோறும் இறைச்சிக் கறியும் பருப்பும் ஆக்கி, வாழையிலையிற் பொதி பொதியாகக் கட்டினோம். அன்று நாம் சென்ற நீர்விளையாட்டுப் பூங்காவின் வாயிலில், வெளி உணவுக்கு அனுமதியில்லை என்றனர். வெளியே போனால் திரும்பி நுழையவும் இயலாது என்றனர். பொதிகளெல்லாம் பேருந்திலேயே தங்கின. நண்பகலில், காசு வைத்திருந்த பிள்ளைகள் உள்ளே இருந்த கடையில் வாங்கி உண்டனர். நிந்தவூர்ப் பக்கத்து மீனவர் ஒருவரின் மகன் தண்ணீர்க் குழாயருகே நின்றுகொண்டிருந்தான். "ஏன் மகன், சாப்பிடல்லையா?" என்றேன். "பசிக்கல்ல சேர்" என்றான். விடியற்காலையில் எல்லார்க்கும் முன்பாக எழுந்து வெங்காயம் உரித்துத் தந்தவன் அவன். அவனுக்குப் பசிக்கவில்லை என்பதை நம்பும் அளவுக்கு யான் பேதையல்லேன். மாலையில் வெளியே வந்து பொதியை அவிழ்த்தபோது சோறு நுரைத்து நாறியது. அன்று பிள்ளைகள் உண்டது வழியில் வாங்கிய வாழைப்பழமும் பணிசுமே.

பூங்கா நடத்துவோர் ஏன் இவ்வாறு செய்கின்றனர்? அவர்களைக் கொடியோர் என்று சொல்லிவிடுதல் எளிது. காரணத்தை ஆராய்தலே நேரிது. வால்டர் ஓய் என்னும் பொருளியலறிஞர் 1971ஆம் ஆண்டிலேயே டிஸ்னிப் பூங்காவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்ந்தார். வாயிலில் ஒரு கட்டணம், உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம் என இருபடியாக வாங்கும்போது, எதனை உயர்த்தி எதனைத் தாழ்த்துவது என்பதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். பெற்றோர் வீட்டிலிருந்து ஒப்பிட்டுப் பார்ப்பது பெரும்பாலும் வாயிற் கட்டணத்தையே. உணவின் விலை உள்ளே சென்ற பின்னரே கண்ணிற் படுகின்றது. அப்பொழுது பிள்ளை அழுதுகொண்டிருக்கும். வேறு கடையும் இராது. எங்கள் மாவட்டத்துத் தென்கோடியில் அறுகம்பைக்கு அலைச்சறுக்க வரும் வெளிநாட்டார் தங்கள் விடுதியின் சாப்பாடு விலையேறியதென்று கண்டால், தெருவுக்கு இறங்கிப் பக்கத்துக் கடையில் பராட்டாவும் கறியும் உண்பர். அந்தத் தெரு திறந்திருப்பதே விடுதிக்காரரை நேர்மையில் நிறுத்துகின்றது. பூங்காவின் மதிலுக்குள் தெரு இல்லை. கட்டுச்சோறு ஒன்றுதான் அங்கே தெருவின் வேலையைச் செய்யவல்லது.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. எச்சிலும் இலையும் எங்கும் சிதறும். கெட்ட உணவை உண்டு எவர்க்கேனும் நோய் கண்டால் பழி பூங்காவின்மேல் வரும். உள்ளே சமைத்துப் பிழைப்போரின் வருவாயும் கருதத்தக்கது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3ஆம் நாள் திரையரங்குகளைப் பற்றி வழங்கிய தீர்ப்பும் இத்தரப்புக்குத் துணையாகும். அரங்கு உரிமையாளரின் தனிச்சொத்தாதலின் வெளி உணவைத் தடுக்க அவருக்கு உரிமை உண்டென்றும், ஆயினும் தூய குடிநீரை இலவசமாக அளிக்கவேண்டும், கைக்குழந்தைக்குரிய உணவை மறுத்தலாகாது என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. அதனை யான் மதிக்கின்றேன். ஆனால் திரைப்படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். பூங்காவில் பிள்ளைகள் காலை முதல் மாலைவரை வெயிலில் ஓடியாடுகின்றனர். இரண்டையும் ஒரே கோலால் அளத்தல் பொருந்தாது.

வெளி உணவைத் தடுக்காவிட்டால் பூங்காவே நடத்த முடியாது என்பார்க்குச் சீனாவில் நிகழ்ந்த ஒன்றைக் காட்டலாம். ஷங்காய் டிஸ்னிப் பூங்கா 2016இல் திறக்கப்பட்டது. 2019இல் சட்டம் பயிலும் மாணவர் ஒருவரின் தின்பண்டங்களை வாயிலிலே தடுத்தனர். தடுக்கப்பட்ட பொருளின் பெறுமதி சிறிது. எனினும் அம்மாணவர் வழக்குத் தொடுத்தார். அமெரிக்காவிலும் பாரிசிலும் உணவு கொண்டுவர இடங்கொடுக்கும் அதே நிறுவனம் ஆசியாவில் மட்டும் தடுப்பதேன் என்று சீன மக்களும் செய்தித்தாள்களும் வினவினர். அவ்வாண்டு செப்ரெம்பரிலே பூங்கா தன் விதியைத் தளர்த்திற்று. சூடாக்க வேண்டிய உணவும் கடுநாற்றமுள்ள உணவும் போன்றவை நீங்கலாக, தாம் உண்பதைக் கொண்டுசெல்லலாம் என்றாயிற்று. மாணவருக்கு 50 யுவான் கொடுத்து வழக்கும் இணக்கமாக முடிந்தது. பூங்கா மூடப்படவில்லை, இன்றும் நடக்கின்றது. ஐம்பது யுவானுக்காக வழக்காடிய அம்மாணவரை நினைக்குந்தோறும், சட்டக் கல்வியின் பயன் இதுவன்றோ என்று மனம் மகிழ்கின்றது.

எம் கரையோர மக்களுக்கு இதில் இன்னொரு முகமும் உண்டு. சாய்ந்தமருதிலிருந்தோ மருதமுனையிலிருந்தோ ஒரு முஸ்லிம் குடும்பம் வெளிநாட்டுப் பூங்காவுக்குச் சென்றால், அறுபது உணவுச்சாலைகள் இருப்பினும் ஹலால் என்று உறுதிப்பட்டவை இரண்டாயின் அக்குடும்பத்துக்கு அங்கே இருப்பவை இரண்டுதான். மரக்கறி உணவே கொள்ளும் சைவ அன்பர்க்கும் இதே இடர் உண்டு. சிங்கப்பூரில் முயிஸ், மலேசியாவில் ஜாக்கிம் என ஹலால் சான்று வழங்கும் பொது அமைப்புகள் உள்ளமையால், கடைவாயிலில் உள்ள முத்திரையைக் கண்டு ஐயமின்றி நுழையலாம். அம்முத்திரை இல்லாத நாட்டிலே, வீட்டில் ஆக்கிய சோற்றுப் பொதியே நம்பத்தக்க துணை. ஆதலின், உணவைத் தடுப்போர் பொதியோடு சேர்த்து ஒருவரது ஒழுக்க நெறியையும் வாயிலிலே மறிக்கின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.

இனி என் மாணவருக்கு விடை. முன்பணத் திட்டத்தை வாங்குமுன், உங்கள் பிள்ளைகள் வழக்கமாக உண்ணும் அளவை எண்ணிப் பாருங்கள். நிறுவனம் எண்ணித் தந்த அளவை அன்று. வெளியே வந்து உண்ண விரும்பினால் யுனிவர்சல் வசதி. கட்டுச்சோறு கொண்டுசெல்ல விரும்பினால் டிஸ்னி வசதி. என்னைக் கேட்பின், ஒருவேளை உணவைக் கட்டிக் கொண்டுபோய், மற்றொரு வேளையை உள்ளே காசு கொடுத்து, பிள்ளைகள் விரும்பியதை மகிழ்ந்து உண்ணச் செய்யுங்கள் என்பேன்.

எஞ்சியது இந்நாட்டார்க்கு. சுற்றுலா ஒழுங்கு செய்யும் ஆசிரியர்கள் நுழைவுக் கட்டணத்தை மட்டும் கேட்டுத் தொலைபேசியை வைத்துவிடாமல், உணவு கொண்டுவரலாமா, குடிநீர் இலவசமா, வெளியே சென்று திரும்பலாமா என்னும் மூன்றையும் கேட்டு எழுத்திலே பெறுதல் வேண்டும். யான் அன்று கேளாதது என் பிழை. பூங்கா நடத்துவோர், பாடசாலைப் பிள்ளைகளுக்கேனும் ஒரு கொட்டகையும் நான்கு குப்பைக்கூடைகளும் ஒதுக்கினாற் போதும். குப்பையைக் கூட்டித் தர ஆசிரியர் நாம் இருக்கின்றோம்.

எங்கள் ஊர்த் திருமண வீட்டிலே ஒரு சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும்போது, யார் எவ்வளவு காசோடு வந்தார் என்பது எவர்க்கும் தெரியாது. அன்று அந்தப் பேருந்தில் இருந்த பொதிகளும் அத்தகையனவே. எல்லாப் பொதியிலும் ஒரே சோறு, ஒரே கறி. அதனை வாயிலிலே தடுத்தபோதுதான் எம் பிள்ளைகளுள் யார் ஏழை என்பது எல்லார்க்கும் தெரிந்தது.