பரிசு ஒரு கேக் ஸ்டாண்டு, அவ்வளவுதான்!

டிஸ்கி: கேக் செய்முறை தேடி வந்தவங்க மன்னிக்கணும். எனக்கு முட்டையே ஒழுங்கா உடைக்க வராது :-)

போன செமஸ்டர் லீவுல லண்டன்ல இருக்குற பெரியம்மா பொண்ணு வீட்டுக்கு வந்திருந்தாங்க. ஒருநாள் சாயங்காலம் அவங்க லேப்டாப்ல 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' ஓட விட்டாங்க. "கேக் சுடுறதைப் போய் ஒரு மணி நேரம் பாக்கணுமாக்கா?"ன்னு கிண்டல் பண்ணிட்டுத்தான் உட்கார்ந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு எழுந்திரிச்சப்ப நாலு எபிசோடு முடிஞ்சிருந்துச்சு. ஆங்கிலம் அவ்வளவா தெரியாத எங்க அம்மாவும் பக்கத்துல உட்கார்ந்து, "அந்தக் கலர் கண்ணாடிப் பாட்டி இன்னைக்கு யாரை அனுப்பப் போவுது?"ன்னு கேட்டுட்டிருந்தாங்க. (பாட்டி பேரு ப்ரூ லீத். 2017-ல நடுவரா வந்தவங்க.)

எங்க வீட்டுல ஓவன் கிடையாது. அம்மா கேக் பண்ணினா குக்கர்ல மணல் பரப்பித்தான். அந்த நிகழ்ச்சியில வர்ற பாதி ஐட்டம் நாங்க கண்ணால பார்த்ததில்லை. அப்புறம் எதுக்கு இப்படி ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்? எங்களை மாதிரியே எத்தனையோ நாட்டுக்காரங்க எதுக்கு உட்கார்ந்திருக்காங்க? லீவு முழுக்க இதே யோசனை.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. 2010-ல பிபிசி 2-ல ஆரம்பிச்ச நிகழ்ச்சி. புல்வெளியில ஒரு வெள்ளைக் கூடாரம். உள்ள பன்னிரண்டு பேர் அளவுல, யாரும் தொழில்முறை பேக்கர் இல்லை. டீச்சர், இன்ஜினியர், மாணவர், ரிட்டயர் ஆனவங்க, இப்படி. வாரத்துக்கு மூணு சோதனை. முதல்ல வீட்டுல பழகிட்டு வந்த ஐட்டம். ரெண்டாவது, எல்லாருக்கும் ஒரே ஐட்டம், ஆனா செய்முறையில பாதி வரி இருக்காது. "மாவு தயார் செய்யவும், சுடவும்"னு போட்டிருப்பாங்க, எவ்வளவு நேரம்னு கேட்டா உன் தலையெழுத்து. மூணாவது, அசத்தலா பெருசா ஒண்ணு. வாரக் கடைசியில ஒருத்தர் வீட்டுக்குப் போவார். கடைசியில ஜெயிக்கிறவருக்கு ஒரு பூங்கொத்து, ஒரு கண்ணாடி கேக் ஸ்டாண்டு. பணம் ஒரு பைசா கிடையாது.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இந்த இடத்துல மண்டை குடையும். ஊக்கத்தொகை இல்லாம எவன் உழைப்பான்னுதானே முதல் வருஷத்துலயே சொல்லிக் குடுத்தாங்க?

இங்கதான் ஒரு சுவாரசியமான கதை இருக்கு மக்களே. 2013-ல அமெரிக்காவுல சிபிஎஸ் சேனல் இதே நிகழ்ச்சியைத் தங்களுக்குன்னு எடுத்தாங்க. 'தி அமெரிக்கன் பேக்கிங் காம்பெடிஷன்'னு பேரு. ஜார்ஜியா மாநிலத்துல அதே மாதிரி கூடாரம். பிரிட்டன்ல தீர்ப்பு சொல்ற அதே பால் ஹாலிவுட் அங்கேயும் நடுவர். ஒரு முக்கிய வித்தியாசம், ஜெயிச்சா 2,50,000 டாலரும் புத்தகம் போடுற ஒப்பந்தமும். ஒரே சீசனோட கடையைச் சாத்திட்டாங்க.

அடுத்த வருஷம், 2014 டிசம்பர்ல, பிபிஎஸ் சேனல் பிரிட்டிஷ் ஒரிஜினலையே அமெரிக்காவுல ஒளிபரப்ப ஆரம்பிச்சுது. 'பேக் ஆஃப்'ங்கற பேரை அங்க பில்ஸ்பரி கம்பெனி வச்சிருக்கு (1949-லேர்ந்து போட்டி நடத்தறாங்களாம்), அதனால 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக்கிங் ஷோ'ன்னு பேரை மட்டும் மாத்தினாங்க. பவுண்டு, கிராம், செல்சியஸ்னு ஒண்ணும் மாத்தல. அமெரிக்காக்காரங்க விழுந்து விழுந்து பார்த்தாங்க. அப்புறம் நெட்ஃபிளிக்ஸ் வழியா இன்னும் பல ஊருக்குப் போச்சு.

"ஒரே ஒரு சாம்பிளை வச்சு முடிவு கட்டாதே"ன்னு எங்க புள்ளியியல் சார் திட்டுவார். சரிதான். அந்த அமெரிக்க நிகழ்ச்சி ஓடாததுக்கு வேற நூறு காரணம் இருக்கலாம். மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாவுல பெரிய பரிசுத்தொகை உண்டு, அங்கேயும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சு அழத்தான் செய்யறாங்க. பேக் ஆஃப்லயும் கூடாரத்துக்கு வெளியில பணம் நல்லாவே புரளுது. 2016-ல சேனல் 4 இந்த நிகழ்ச்சியை பிபிசிகிட்டேர்ந்து கொத்திக்கிட்டுப் போனப்ப, மூணு வருஷத்துக்கு ஏழரை கோடி பவுண்டுன்னு செய்தி வந்துச்சு. மேரி பெர்ரி, மெல், சூ மூணு பேரும் கூட வரமாட்டோம்னு விலகிட்டாங்க. மிச்சம் கூடாரமும் பால் ஹாலிவுட்டும். அதுக்கு ஏழரை கோடி! நம்ம கணக்குப் பதிவியல் பாஷையில அதுக்குப் பேரு நற்பெயர் :-) ஜெயிக்கிறவங்களுக்கும் அப்புறமா வாழ்க்கை மாறலாம். 2015-ல ஜெயிச்ச நதியா ஹுசைன், அடுத்த வருஷம் ராணி எலிசபெத்தோட 90-வது பிறந்தநாளுக்கு கேக் செஞ்சாங்க. புத்தகம், டிவின்னு இன்னைக்குப் பெரிய பேர்.

ஆனா கூடாரத்துக்குள்ள நிக்குற நேரத்துல, பக்கத்து மேசைக்காரர் கவுந்தா உனக்கு ஒரு லட்சம்னு யாரும் கண்ணுல காட்டல. அதனாலயோ என்னவோ, அங்க தோல்வி வேற மாதிரி இருக்கு. நாங்க பார்க்கிறது அதைத்தான்னு நினைக்கிறேன். கேக் ஒரு சாக்கு.

ரெண்டு உதாரணம். 2020 சீசன், முதல் வாரம். சூராங்கற பொண்ணு ஒரு ஈயை விரட்டக் கை வீசினாங்க. டேவ்ங்கறவர் கையில இருந்த அன்னாசி கேக்குல பல தரையில. தீர்ப்புக்குக் கொண்டு போற நேரம்! நம்மூர் ரியாலிட்டி ஷோவா இருந்தா அந்தக் காட்சியை மட்டும் பத்து தடவை ஸ்லோமோஷன்ல போட்டு, இடி மின்னல் சத்தம் குடுத்து, ரெண்டு வாரம் ஓட்டியிருப்பாங்க. டேவ் கத்தல. துடிச்சுப் போனது சூராதான். அந்த டேவ் கடைசியில இறுதிச்சுற்று வரைக்கும் வந்தார்.

ரெண்டாவது, 2018 இறுதிச்சுற்று. கொல்கத்தாவுலேர்ந்து பிரிட்டன் போன ஆராய்ச்சியாளர் ராகுல் மண்டல். தன் மேல நம்பிக்கையே இல்லாம, எப்பவும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே நிக்குற மனுஷன். அன்னைக்கு இருந்த சூட்டுல அவர் மேசையில கண்ணாடி ஜாடி வெடிச்சுது. சாமான்ல எல்லாம் கண்ணாடிச் சில்லு. சுத்தம் பண்ணி முடிச்சு அவருக்கு 15 நிமிஷம் கூடுதலா குடுத்தாங்க. அவர்தான் ஜெயிச்சார். எங்கம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. கூடுதல் நேரம் குடுத்தது நியாயமான்னு டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தவங்கதான் இணையத்துல சண்டை போட்டாங்க!

உடனே பிரிட்டிஷ்காரங்க எல்லாரும் தங்கம்னு சொல்ல வரல. இந்த மரியாதை கூடாரத்தைத் தாண்டாத சமயமும் உண்டு. 2020-ல ஜப்பான் வாரம்னு சொல்லிட்டு ஆவியில வேகவச்ச பன் செய்யச் சொன்னாங்க, சில பேர் அதைச் சீனப் பாணியிலயே செஞ்சாங்க. 2022-ல மெக்சிகோ வாரத்துல தொகுப்பாளர்கள் பெரிய தொப்பி மாட்டிக்கிட்டு போட்ட மொக்கை ஜோக்குக்கு உலகம் முழுக்கத் திட்டு விழுந்துச்சு. அடுத்த வருஷமே நாட்டு வாரங்களைத் தூக்கிட்டாங்க. பாருங்க, வெளிநாட்டுக்காரங்களைக் கோபப்படுத்தினது வெளிநாட்டுச் சாப்பாடு வந்த வாரங்கள்தான். தங்களுக்குத் தெரிஞ்ச விக்டோரியா ஸ்பாஞ்சை அவங்க பாட்டுக்குச் சுட்டப்ப ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை. எங்களுக்கு அவங்க எங்க சாப்பாட்டைச் செஞ்சு காட்டணும்னு ஆசையே இல்லை. தோத்தவங்களை எப்படி வழியனுப்பறாங்கன்னு பார்க்கத்தான் ஆசை.

இப்ப சொந்தக் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

ப்ராசஸ் காஸ்டிங் படிச்சவங்களுக்கு சாதாரண நட்டம், அசாதாரண நட்டம் தெரியும். எந்தத் தொழில்லயும் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் சிந்தும். அது சாதாரண நட்டம். அதோட செலவை மிச்சமிருக்குற நல்ல யூனிட்டுகள் பங்கு போட்டுக்கும். அசாதாரண நட்டத்தை மட்டும் தனியாப் பிரிச்சு லாப நட்டக் கணக்குல எழுதணும். பேக் ஆஃப்ல வாரா வாரம் ஒருத்தர் போறது சாதாரண நட்டம். மிச்சம் உள்ளவங்க அதைப் பங்கு போட்டுக்கறாங்க. நம்ம கிளாஸ்ல ஒருத்தன் அரியர் வச்சா அது எப்பவும் அசாதாரண நட்டம். அவன் பேர்ல தனியா எழுதிட்டு நாம போயிடறோம்.

நாலாவது செமஸ்டர்ல இந்தப் பாடத்துக்கே என் பெஞ்ச்மேட் என்கிட்ட நோட்ஸ் கேட்டான். டியூஷன்ல எழுதின முழு நோட்டு என் பைக்குள்ளயே இருந்துச்சு. "வீட்டுல இருக்கு மச்சி, நாளைக்குத் தரேன்"னேன். அந்த நாளைக்கு வரவே இல்லை. எனக்குப் பாஸ். அவனுக்கு அரியர்.

இதுல கொடுமை என்னன்னா, பேக் ஆஃப்ல ஜெயிக்கப் போறது ஒரே ஒருத்தர். அங்க மறைச்சா லாஜிக்காவது இருக்கு. எங்க பரீட்சையில 60 பேரும் பாஸ் ஆகலாம். அவன் மார்க் கூடினா என் மார்க் குறையாது. பரிசும் இல்லை, போட்டியும் இல்லை, ஆனாலும் மறைச்சேன். ஆக, பரிசுத்தொகை இல்லைன்னா மனுஷன் தானா நல்லவனாயிடுவான்னு நான் மேல சொன்ன தியரி என்கிட்டயே ஃபெயில். பரிசை எடுத்தா கெட்டவனா இருக்க ஒரு காரணம் குறையும், அவ்வளவுதான். மிச்சத்தை நாமதான் செய்யணும்.

மச்சி, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். நோட்டு அன்னைக்குப் பையிலதான் இருந்துச்சு. சாரிடா. நவம்பர் அரியர் பரீட்சைக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமைகள்ல வீட்டுக்கு வா, முதல் கணக்குலேர்ந்து போடலாம். அம்மா குக்கர் கேக் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. கேக் ஸ்டாண்டு மட்டும் இல்லை, எவர்சில்வர் தட்டுலதான் வரும்.