ஆபீசில் அரசியல் கூடாதாம்

அலுவலகத்தில் அரசியல் கூடாது என்கிறார்கள். ஊழியர்களுக்குள் பதற்றம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் நிர்வாகத் திறமை என்கிறார்கள். சரி, எது அரசியல் என்று தீர்மானிக்கிறவர் யார்?

நான் சில ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். ஆயுத பூசை வந்தால் ஆளுக்கு ஐம்பது ரூபாய் வசூல். கணினிக்குச் சந்தனப் பொட்டு, பீரோவுக்குக் குங்குமம், வாசலில் பூசணிக்காய். அதை யாரும் அரசியல் என்று சொல்லவில்லை. அது 'வழக்கம்'. சாமி படங்களை அரசு அலுவலகங்களிலிருந்து அகற்றச் சொல்லி அண்ணா ஆட்சியில் 1968இல் சுற்றறிக்கை போனது ஒருவருக்கும் நினைவில் இல்லை. ஏப்ரல் 14க்கு அம்பேத்கர் படத்துக்கு மாலை போட நாங்கள் நாலு பேர் அனுமதி கேட்டோம். கண்காணிப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எதுக்குப்பா இதெல்லாம்? ஆபீசுல பாலிடிக்ஸ் பண்ணாதீங்க. நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்." அடுத்த வாரமே எங்களில் ஒருவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. காரணம், 'நிர்வாக நலன்'.

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973இல் வந்தவை. அவை தடுப்பது கட்சி அரசியலையும் தேர்தல் வேலையையும். மாலை போடுவது இதில் எதில் சேரும்? 2022 முதல் ஏப்ரல் 14 சமத்துவ நாள். அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள். நேற்று அரசியலாக இருந்தது மேலிடத்து உத்தரவு வந்ததும் இன்று அரசு நிகழ்ச்சி. நாங்கள் கேட்டால் பதற்றம், அவர்கள் அறிவித்தால் விழா!

தனி டம்ளர் இருக்கிறவரை அலுவலகம் 'அமைதியாக' இருக்கிறது. ஏன் தனி டம்ளர் என்று ஒருவன் கேட்ட அன்றைக்குத்தான் 'பதற்றம்' வந்துவிடுகிறது. வெளிநாட்டில் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானப் பணிக்குப் போன அம்பேத்கரின் மேசையில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூர நின்று வீசினார்கள். அந்த அலுவலகத்திலும் யாரும் 'அரசியல்' பேசியிருக்க மாட்டார்கள்.

முதலாளியையும் அதிகாரியையும் மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. தோழர்களே, உங்களையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பம்பாய் ஆலைகளில் தறிப் பிரிவுக்குள் தீண்டப்படாதவர்களை விடவில்லை. நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். எச்சில் பட்டால் தீட்டு. கூலி அதிகம் கிடைத்த பிரிவு அது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைக் கேள்வியாக்கினார். வர்க்க ஒற்றுமையைக் குலைத்தது கேள்வி கேட்டவரா, கதவை அடைத்தவர்களா?

நம் ஊருக்கு வருவோம். சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் 1921இல் வேலைநிறுத்தம் நடந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. 'கருங்காலிகள்' என்ற ஒரே சொல்லில் அந்த வரலாற்றை முடித்துக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. பிளவை நிர்வாகம் பயன்படுத்திக்கொண்டது, மெய்தான். ஆனால் பிளவை அது உண்டாக்கவில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் அது ஆலை வருவதற்கு முன்பே கிடந்தது.

ஆகவே பதற்றத்தை அடக்கும் வழி எங்கள் வாயை மூடுவதல்ல. ஆயுத பூசைக்கு இடமுண்டு என்றால் ஏப்ரல் 14க்கும் இடம் உண்டு. இரண்டும் கூடாது என்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள். சாதிப் புகாரை எழுத்தில் வாங்குங்கள், ஒப்புகைச் சீட்டு கொடுங்கள். விசாரிக்கிற குழுவில் தலித்துகள் இருக்க வேண்டும். புகார் கொடுத்தவனுக்கு மாற்றல் வந்தால் 'நிர்வாக நலன்' என்ற இரண்டு வார்த்தை போதாது, காரணம் சொல்லுங்கள். பஞ்சப்படிக்குக் கொடி பிடிக்கிற சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் தனி டம்ளரையும் சேர்க்கட்டும்.

இதையெல்லாம் செய்யாமல் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று பிரிவு உபசார விழாவில் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தக் குடும்பத்தில் கக்கூஸ் கழுவ வருகிறவர் எந்தச் சாதி? அவர் உங்களோடு உட்கார்ந்து எப்போது சாப்பிட்டார்? பதில் சொல்லுங்கள். அப்புறம் ஒற்றுமையைப் பற்றிப் பேசலாம்.